எல்லோரும் சுகம் என்று எழுதிய அறிக்கை

எங்கள் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். குடிசன மதிப்புக்கு வந்தவரிடம் அப்பா ஐந்து பேர் என்றார். ஆறாவது ஆள் அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. பிறவியிலேயே காதும் பேச்சும் இல்லாதவர். அந்த உத்தியோகத்தர் விறாந்தையில் கதிரை போட்டு எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மாமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பா பொய் சொல்கிற ஆள் அல்ல. ஆனால் எனக்குக் கல்யாணம் பேசும் காலம் வரும், அரசாங்கப் புத்தகத்தில் இப்படியொரு விஷயம் ஏறிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நம்பினார். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் பார்ப்பது என்று கேட்டேன். "உனக்கு உலகம் தெரியாது" என்றார். கணக்கில் இல்லாத மாமி பிறகும் நிறைய வருடம் எங்களோடு இருந்து, எல்லோருக்கும் சமைத்துப் போட்டுத்தான் செத்தார். எனக்குக் கல்யாணம் சரிவராமல் போனதற்கு மாமி காரணமில்லை, என்ரை வாய்தான் காரணம் என்று அம்மா சொல்வார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுபதுகளில் எனக்குக் கிடைத்த வேலை முழுக்க முழுக்க இந்த விஷயத்தைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. சாவகச்சேரிக்குச் சற்று வெளியே, தென்னங்காணி ஒன்றுக்குள் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. பார்க்க ஆளில்லாதவர்கள், ஆளிருந்தும் பார்க்க ஏலாதவர்கள் என்று முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் அங்கே கிளாக்கர். கொடிகாமத்தில் பஸ் ஏறினால் சந்தைக்குப் போகும் மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு போகவேண்டும். கந்தோர் என்று சொன்னது ஒரு மேசை, ஒரு அலுமாரி, காற்றடித்தால் மூடிக்கொள்கிற ஒரு யன்னல்.

இல்லத்தை நடத்தியது ஊர்ப் பெரியவர்களின் சபை. அதன் தலைவர் மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர். நேரம் தவறாதவர், கை சுத்தமானவர், வெயிலிலும் கோட் போடுகிறவர். இல்லத்தில் உள்ளவர்களை 'எங்கடை ஆக்கள்' என்றுதான் சொல்வார். அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று தினமும் வந்து பார்ப்பார். அவரைப் பற்றி நான் இனிச் சொல்லப்போவது எதுவும் அவரைக் கெட்டவர் என்று காட்டுவதற்கு அல்ல. அவர் என் அப்பாவைவிட நல்லவர். அப்பாவின் அதே வியாதி அவருக்கும் இருந்தது, அவ்வளவுதான்.

இல்லத்தில் இருந்தவர்களில் ஐந்து ஆண்கள் படுக்கையை விட்டு எழும்ப ஏலாதவர்கள். அவர்களைத் தூக்க, திருப்ப, கழுவ, சோறு தீத்திவிட இருந்தது ஒரே ஒரு உதவியாள். என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். நல்ல தேகக்கட்டு, மூக்கு நுனியில் கோபம். வாரத்துக்கு ஒரு தடவையாவது வேலையை விட்டுப் போகப்போவதாகச் சொல்வான். அந்த வருடம் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மிளகாய்க்கு நல்ல விலை வந்த காலம். பெடியன்கள் எல்லாம் வன்னிக்குப் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்துகொண்டிருந்தார்கள். அவனுடைய அத்தானும் அங்கே காணி பிடித்துவிட்டு இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சபை கொடுத்த சம்பளம் அவனுக்குச் சைக்கிள் ரயர் மாற்றவும் காணாது.

அவன் போனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்கு வேறு ஆள் வராது. ஐந்து பேரையும் அரசாங்கத்தின் சமூகசேவைத் திணைக்களத்திடம் ஒப்படைக்கவேண்டும். திணைக்களம் அவர்களைத் தெற்கில் உள்ள ஒரு விடுதிக்கு அனுப்பும். றெயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரம். தண்ணி வேண்டும் என்று தமிழில் கேட்டால் விளங்கிக்கொள்ள அங்கே ஆளிருக்குமோ தெரியாது. வீட்டிலிருந்து பார்க்க வருகிறவர்களும் அதோடு நின்றுவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் திணைக்களத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சிங்களத்தில் வந்தது. எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. சந்தைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் எங்களைவிட நன்றாக யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார். மா படிந்த விரலால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"உங்கடை ஆக்களிலை ஆருக்கு என்ன ஏலாது எண்டு ஒவ்வொருத்தராய் எழுதி அனுப்பட்டாம். கண், காது, பேச்சு, கை கால், மனம். தானாய்ச் சாப்பிடுவினமோ, குளிப்பினமோ, கக்கூசுக்குப் போவினமோ. தற்காலிகமோ நிரந்தரமோ. வருசா வருசம் அனுப்பவேணும். நிரந்தரமாய் ஏலாத ஆக்கள் இருந்தால் உதவிக்கு அரசாங்கமே ஆள் போட்டுச் சம்பளம் குடுக்குமாம்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ளவேண்டும் போல இருந்தது. முதலாளி தந்த சூடான பாணையும் வாங்கிக்கொண்டு வந்து உதவியாளிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் அத்தானுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி அனுப்பினான்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அந்த இல்லத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று. இரண்டு கண்ணும் தெரியாதவர் ஒருவர், "கண்ணிலை பிழையில்லைப் பிள்ளை. உந்த அறைக்குள்ளை வெளிச்சம் காணாது" என்றார். வெளியே பன்னிரண்டு மணி வெயில். காது கேளாதவர், நான் மூன்று தரம் கத்திக் கேட்ட பிறகு, இந்தக் காலத்து ஆட்கள் வாய்க்குள்ளேயே கதைக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர் மற்றக் கையை உயர்த்தி, "இது வேலை செய்யுது, எழுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கடைசிக் கட்டிலில் தண்டையல் இருந்தார். பாய்க்கப்பல் ஓட்டுகிற தலைவனைத் தண்டையல் என்பார்கள். வடக்குக் கரையில் பிறந்து, சிறு வயதிலேயே தோணி ஏறி, அக்கரைக்கும் ரங்கூனுக்கும் போய் வந்த மனிதர். சரக்கு இறக்கும்போது கால் தவறிக் கப்பலின் அடித்தட்டில் விழுந்து முதுகெலும்பு முறிந்து போயிருந்தது. வீட்டில் மனைவி மட்டும்தான். மெலிந்த சின்ன உடம்பு. அவரைப் புரட்டக்கூட ஏலாது. அதனால் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வந்து பல வருடமாகியும் தான் வந்தது கொஞ்ச நாளைக்குத்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மாதத்துக்கு ஒருக்கால் பஸ்ஸில் வருகிற மனைவிக்கும் அதையே சொல்லி அனுப்புவார். இல்லத்தில் மரக்கறிச் சாப்பாடுதான். அதையும், வீட்டுக்குப் போகும் வரைக்கும் பிடிக்கிற விரதம் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்.

"கால் மரத்துக் கிடக்கு, அவ்வளவுதான். சோளகக் காத்துத் தொடங்க நான் போயிடுவன். என்னை உதிலை எழுதவேண்டிய தேவையில்லை."

"அண்ணை, எழுதினால்தான் உவனுக்கு அரசாங்கச் சம்பளம் வரும்."

"மற்ற நாலு பேரையும் எழுது. நாலு காணாதோ?"

மற்ற நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

நான் அவர்கள் சொன்னதை எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சுருங்கியது. "பிள்ளை, இதென்ன, ஆசுப்பத்திரிக் கணக்கு மாதிரி?" என்றார். அவர்கள் கேட்டது அதைத்தான் என்றேன். நிரந்தரமாய் ஏலாதவர்கள் என்று எழுதினால்தான் ஆள் போடுவார்கள் என்பதையும் சொன்னேன்.

"அது எனக்கு விளங்குது. ஆனால் ஒரு மனுசனைக் குருடன், நொண்டி எண்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்பிறதோ? அவையளுக்கும் பிள்ளையள் இருக்கு, பேரப்பிள்ளையள் இருக்கு. நாளைக்கு ஒரு நல்ல காரியம் பேசேக்கை உது வெளியிலை வந்தால்?"

அப்பாவின் குரல் அப்படியே கேட்டது. நான் பதிலுக்குக் கதைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். கண் தெரியாதவர் 'பார்வை சற்று மங்கல்' ஆனார். காது கேளாதவருக்கு 'வயதுக்கேற்ற மந்தம்'. எழும்ப ஏலாத ஐந்து பேருக்கும் 'ஓய்வில் உள்ளார்'. கடைசி நிரலில் எல்லோருக்கும் 'தற்காலிகம்'. கீழே 'அனைவரும் நற்சுகம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து கடித உறையை ஒட்டினேன்.

பதில் வந்தது; அதையும் பேக்கரி முதலாளிதான் வாசித்துச் சொன்னார். உங்கள் இல்லத்தில் உள்ளோர் நலமாயிருப்பதையிட்டு மகிழ்ச்சி, உதவியாள் நியமனம் அவசியமில்லை எனத் தோன்றுகிறது, ஆயினும் ஒரு உத்தியோகத்தர் நேரில் வந்து பார்வையிட்டு முடிவு செய்வார் என்று இருந்தது. உதவியாள் அதைக் கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். வழக்கமாகக் கத்துகிறவன் அப்படிப் போனது எனக்குப் பயமாக இருந்தது. மாதக் கடைசியில் வன்னிக்குப் போவதாக அன்று பின்னேரம் சொன்னான்.

உத்தியோகத்தர் வருகிற நாளுக்கு இல்லம் கல்யாண வீடாகியது. முற்றம் கூட்டித் தண்ணி தெளித்தார்கள். எல்லோருக்கும் தோய்த்த வேட்டி, நெற்றியில் திருநீறு. பெண்கள் பக்கத்தில் தலை வாரிப் பூ வைத்தார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் செய்வதெல்லாம் செய்தார்கள். எழும்ப ஏலாத ஐந்து பேரையும் உதவியாள் விடியவே தூக்கிக் குளிப்பாட்டி, விறாந்தையில் கதிரைகளில் இருத்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கால் தெரியாமல் வேட்டியை இழுத்து விட்டான். கண் தெரியாதவருக்கு, உத்தியோகத்தர் எந்தப் பக்கத்தில் நிற்பார் என்று சொல்லி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தார்கள். உதவியாளுக்குத் தலைவர் ஒரு சேர்ட் கொடுத்தார். யாராவது கேட்டால் தோட்ட வேலைக்கு நிற்கிற ஆள் என்று சொல்லச் சொன்னார். உதவியாள் இருந்தால் உதவி வேண்டியவர்களும் இருக்கத்தானே வேண்டும்.

இன்னும் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். பெரிய உத்தியோகத்தர் வந்தால் எழும்பி நிற்பது எங்கள் பக்க வழக்கம். ஐந்து பேர் மட்டும் எழும்பாமல் இருந்தால் தெரிந்துவிடும். அதனால் ஒருவருமே எழும்பக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார். "இருந்தபடி கும்பிடுங்கோ. காணும்."

உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். கொழும்புத் தமிழ் கதைக்கிற, மெல்லிய, களைத்துப்போன மனிதர். எல்லோரும் இருந்தபடி கும்பிட்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். கட்டில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். "ஓம் ஐயா, ஒரு குறையுமில்லை" என்று பாடமாக்கினதுபோல ஒவ்வொருவரும் சொன்னார்கள். கண் தெரியாதவர் அவருடைய சேர்ட் நல்ல வடிவு என்றார். உதவியாள் தட்டத்தில் சோடாவும் வடையும் கொண்டுவந்து வைத்தான். 

உத்தியோகத்தர் சோடாவைக் குடித்துவிட்டு, தான் போன இடங்களில் இப்படியொரு இல்லத்தைப் பார்க்கவில்லை என்றார். தலைவருக்கு முகம் மலர்ந்தது. உத்தியோகத்தர் கோப்பினை மூடிக்கொண்டு எழுந்தார், கைகூப்பினார். "அப்ப நான் போயிட்டு வாறேன்."

அந்த இடத்தில்தான் பிசகியது. வரும்போது எழும்பாமல் இருந்துவிட்டார்கள். விடைபெறுகிற மனிதர் எதிரே நின்று கும்பிடும்போது உடம்பு சொல்லுக் கேட்கவில்லை. ஏலுமானவர்கள் எல்லோரும் ஒரேயடியாக எழும்பிவிட்டார்கள். கண் தெரியாதவரும் சத்தத்தைக் கேட்டு எழும்பினார். ஐந்து கதிரைகளில் ஐந்து பேர் இருந்தபடியே இருந்தார்கள்.

உத்தியோகத்தர் அந்தப் பக்கம் பார்த்தார். "அவங்க?"

"களைச்சுப் போச்சினம்" என்றார் தலைவர். "விடிய வெள்ளெண எழும்பினவையள்."

உத்தியோகத்தர் தலையாட்டினார். மரியாதையான மனிதர். வேறொருவராக இருந்தால் துருவிக் கேட்டிருப்பார். அவர் படியிறங்கினார். நான் வாயைத் திறக்கப்போனேன்; தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் தண்டையலின் குரல் கேட்டது. கடலில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"ஐயா, ஒருக்கா நில்லுங்கோ."

உத்தியோகத்தர் திரும்பினார்.

"நாங்கள் எழும்பாதது மரியாதை தெரியாமலில்லை. எழும்ப ஏலாது." தண்டையல் குனிந்து, தன் கையாலேயே வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்தார். கால்கள் வற்றிக் கிடந்தன. "இடுப்புக்குக் கீழை எனக்கு ஒண்டும் இல்லை. என்னைக் கழுவிறது, திருப்பிறது, இதிலை கொண்டுவந்து வைச்சது எல்லாம் உந்தப் பெடியன். உவன் தோட்டக்காரன் இல்லை."

தலைவர், "தண்டையலார்..." என்று தொடங்கினார். 

உத்தியோகத்தர் திரும்பி வந்து அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தானாகக் குளிக்க ஏலுமா? ஏலாது. தானாகப் படுக்கையில் புரள ஏலுமா? ஏலாது. மலசலம்? தண்டையல் அதற்கும் பதில் சொன்னார். விறாந்தையில் பெண்களும் நின்றார்கள். அந்த மனிதர் எப்படி அதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இது தற்காலிகமா, நிரந்தரமா?" என்று உத்தியோகத்தர் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தற்காலிகம்னா நாங்க ஆள் போட ஏலாது" என்றார்.

தண்டையல் வேட்டியை இழுத்துக் கால்களை மூடினார். தலைவர் அவருக்கு உதவ நினைத்தாரோ என்னவோ, "தற்காலிகம் எண்டுதான் அவர் எப்பவும்..." என்றார். தண்டையல் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உதவியாள் வெறும் தட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். தண்டையல் அவனைப் பார்க்கவில்லை. வெளியே காணியைப் பார்த்தார்.

"நிரந்தரம்" என்றார். "அப்பிடியே எழுதுங்கோ, ஐயா."

அதன் பிறகு மற்றவர்கள் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். பக்கத்துக் கதிரை "எனக்கும்" என்றது. வாதக்காரர் விழுந்த கையைக் காட்டினார். கண் தெரியாதவர், "எனக்கு ஒரு பொட்டும் தெரியாது, சேர்ட்டைச் சும்மா சொன்னனான்" என்றபோது உத்தியோகத்தரே சிரித்துவிட்டார். மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை எழுதினார். தலைவர் கடைசியில், கோட்டுப் பையிலிருந்த கண்ணாடியை எடுக்காமலே கையெழுத்து வைத்தார்.

ஜீப் போன பிறகு உதவியாள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். தண்டையலைத் தூக்கும்போது நான் அங்கே நின்றேன். அவர் எப்போதும் தூக்குகிறவனுக்குக் கட்டளை போடுவார். மெல்ல, இடப்பக்கம், இப்ப இறக்கு என்று. அன்று இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை" என்றான் அவன். எனக்கு அழுகை வந்தது. கந்தோருக்குள் போய் யன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நியமனக் கடிதம் வர மாதங்கள் ஆகின. ஆனால் உத்தியோகத்தர் அன்றே தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். உதவியாள் வன்னிக்குப் போகவில்லை. ஐந்து பேரும் றெயில் ஏறவில்லை.

அடுத்த மாதம் தண்டையலின் மனைவி வந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி கட்டிலடி வாங்குப் பலகையில் இருந்தபடி ஊர்க்கதை எல்லாம் சொன்னார். மேசன் ஒருவரைப் பிடித்திருக்கிறாராம். கிணற்றடியில் சீமெந்தால் ஒரு இருக்கை கட்டப்போகிறாராம்.

"நீங்கள் வந்தால் இருந்து குளிக்க வசதியாய் இருக்கும். சோளகத்துக்கு முன்னம் முடிச்சுத் தாறன் எண்டவன்."

"வேண்டாம்" என்றார் தண்டையல். "கட்டாதை."

"ஏன்?"

"நான் வரமாட்டன். இனி இஞ்சைதான்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, டொக்டரோ அப்பிடிச் சொன்னவர்?"

நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

"டொக்டர் இல்லை" என்றார் தண்டையல். "நான்தான் சொன்னனான்."